லமினேட் செய்த கப்பல்

அன்று வீட்டில் அக்காவும் நானும் இருந்தோம். கொழும்பிலிருந்து வந்த பெரியவர் விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இருக்கவேண்டிய அத்தான் இல்லை. அவருடைய நெல் லொறி ஓமந்தையில் பழுதாகி நின்றது. அத்தானின் பெட்டியில் தேடிக் கிடைக்காத, பழைய கப்பல் ஒன்றின் உணவுப்பட்டியல் அட்டையை அலுமாரியில் அக்காவின் கறுப்புப் பைக்குள் கண்டெடுத்தேன். அது கண்ணாடிபோல் மினுங்கியது. லமினேட் செய்யப்பட்டிருந்தது.

அத்தான் அக்கராயனிலிருந்து கொழும்புக்கு நெல் ஏற்றுபவர். ஒருநாளும் கப்பலில் ஏறியதில்லை. ஆனால் திரும்பும்போது பழைய கடதாசிக் கடைகளைக் கிளறி, அந்தக் காலத்துப் பயணிகள் கப்பல்களின் கடதாசிகளைக் கொண்டுவருவார்: பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகள், பயணிகளின் பெயர்ப் பட்டியல்கள், சாப்பாட்டு மேசையில் வைத்த அட்டைகள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதால், ஆங்கிலத்தை வாசித்துச் சொல்வது என் வேலை. இந்த அட்டையில் ஆமைச் சூப் என்று இருந்ததை வாசித்தபோது, “அதுதான் தம்பி, கப்பல் அவ்வளவு மெதுவாய் வந்திருக்கு” என்றார் அத்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “உந்தக் குப்பைக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டிலை எனக்கில்லை” என்றார்.

அந்த அட்டைக்காகத்தான் பெரியவர் வந்திருந்தார். கொழும்பில் தான் நடத்தும் கண்காட்சியில் அதை வைத்து, கீழே அத்தானின் பெயரை அச்சடிப்பதாகச் சொல்லியிருந்தார். லொறிக்காரன் குப்பை பொறுக்குகிறான் என்று சிரித்த ஊருக்கு அத்தான் சொல்லக் காத்திருந்த பதில் அது. காலையிலிருந்து தொலைபேசியில் ஒரே கதை: “தம்பி, ஈரக் கையாலை தொட்டுப்போடாதை.”

நான் குசினிக்குள் போய், காய் வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் அட்டையை நீட்டினேன்.

“வடிவாயிருக்கெல்லே?” என்றார் அக்கா. “கிளிநொச்சியிலை குடுத்துச் செய்விச்சனான். ஓரத்திலை தொங்கின பட்டுநூலை வெட்டிப்போட்டுத்தான் கடைக்காரன் மெசினுக்குள்ளை விட்டவன்.”

என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கை அப்படியே நின்றது. தொலைபேசி மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை.

பெரியவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இது இனிச் சரிவராது மகன். பிளாஸ்டிக்கைக் கழட்டினா மையும் சேர்ந்து வந்துடும்” என்றார். தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

அதன்பின் லொறிச் சத்தம் கேட்கும்வரை, தெருவில் எது போனாலும் அக்கா எழுந்து எழுந்து இருந்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் அவருடைய பிறப்புச் சான்றிதழ் தண்ணீரில் ஊறிக் கூழாகிப் போனது. பிறந்ததை நிரூபிக்கவே கந்தோர் கந்தோராக அலைந்தவர். அதற்குப் பிறகு காணி உறுதிப் பத்திரம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், என் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் லமினேட் செய்து அந்தக் கறுப்புப் பையில் வைத்திருக்கிறார். மறுபடியும் ஓடவேண்டி வந்தால் தூக்க வேண்டியது அது ஒன்றுதான்.

அத்தான் வந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் இருந்த இடத்தை விரலால் தடவினார்.

“எங்கை வைச்சிருந்தனீர்?”

அக்கா பையைக் காட்டினார். “ஓடேக்கை உங்கடை பெட்டியைத் தூக்க ஏலுமே?”

கண்காட்சி அத்தானின் பெயர் இல்லாமலே நடந்து முடிந்தது. புதிதாகக் கொண்டுவருபவற்றை இப்போது முதலில் அக்காவிடந்தான் காட்டுகிறார். அட்டை இன்றும் காணி உறுதிக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் நடுவில் மினுங்குகிறது. அன்று அதைத் தன் கையாலேயே பைக்குள் திரும்ப வைத்துவிட்டு அத்தான் கேட்டது ஒன்றுதான்.

“கடைக்காரன் எவ்வளவு காசு எடுத்தவன்?”

“நூற்றைம்பது ரூபா.”