இரண்டு குஞ்சுகளும் பறந்த கதை

சித்திக்கு எழுத வராது என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். தமிழ் மணிமணியாக எழுதுவாள். சிக்கல் என்னவென்றால், அவள் எழுதிய சிறுவர் பத்திரிகை மலையாளத்தில் வந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவளுக்கு மலையாளம் பேச வந்ததே தவிர எழுத்து பிடிபடவில்லை. நான் நேர் எதிர். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆகவே அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் மலையாளத்தில் எழுதுவது என்று ஏற்பாடாயிற்று. பத்து வயதில் எனக்கு அது பெரிய உத்தியோகம். பள்ளியில் அலட்டிக்கொண்டு திரிந்தேன்.

பகலில் சித்திக்குக் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை. வேலைக்கு முன்னும் பின்னும் பார்த்ததெல்லாம் மாதம் ஒரு பக்கமாக அச்சில் வரும். ஓடைக்கரை நண்டு வரும், கிடங்குக் கூரையில் குடித்தனம் நடத்தும் மைனா வரும். ஒரே ஒரு பிடிவாதம் அவளுக்கு. கண்ணால் காணாததை எழுதமாட்டாள். “பிள்ளைக வாசிக்கிறது, ஏட்டி. பெரியவங்ககிட்ட வேணும்னா புளுகிக்கலாம்” என்பாள்.

அந்த வருஷம் எங்கள் கொல்லையில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. சித்தி உடனே கம்பியைத் தடை செய்துவிட்டாள். கார்ப்பரேஷனில் வேலை பார்த்த அப்பாவின் காக்கிச் சட்டை ஒரு மாதம் ஜன்னலில் காய்ந்தது. இரண்டு முட்டை, பிறகு இரண்டு குஞ்சு. நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, ஒரு மழைக்காலைப் பொழுதில், காக்கை வந்து ஒன்றைக் கொத்திக்கொண்டு போயிற்று. நான் கூப்பாடு போட்டேன். சித்தி நோட்டில் நேரம் குறித்தாள். அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நான்கு நாள் கழித்து மற்றது பறந்தது.

அந்த மாதப் பக்கத்துக்கு அவள் காக்கையை அப்படியே சொன்னாள். என் கை எழுத மறுத்தது. இரண்டு குஞ்சும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்துபோயின என்று எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். ஒரு குஞ்சைக் காப்பாற்றிய திருப்தியில் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்திரிகை வந்ததும் கிடங்கில் சாயா நேரத்தில் ஒரு சேச்சி அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, “ரெண்டும் பறந்நு போயல்லோ, நன்னாயி” என்று சித்தியின் தோளில் தட்டியிருக்கிறாள். சித்தி உடம்பெல்லாம் சுக்குத்தூளோடு நேரே என் முன் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“பேனாவ எடு.”

சொன்னாள், எழுதினேன். போன மாதம் இரண்டு குஞ்சும் பறந்ததாக எழுதியது பொய். ஒன்றைக் காக்கை கொண்டுபோயிற்று. ஒன்றுதான் பறந்தது. பொய் எழுதியதற்குப் பிள்ளைகள் மன்னிக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “யாருக்குத் தெரியப் போவுது? இத அனுப்பினா பக்கத்தையே நிறுத்திருவாங்க. எத்தன வருஷம் நடையா நடந்து கெடச்ச பக்கம்!”

“நிறுத்தட்டும் அத்தான்” என்றாள் சித்தி. ஆனால் குரல் உடைந்திருந்தது. அந்தப் பக்கம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது என்பது எனக்குக்கூடத் தெரியும்.

நான் செய்தேன் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். “அதுல இருக்கது எம்பேரு. நான்தான் சொல்லணும்” என்று உறையை வாங்கி, இம்முறை தானே ஒட்டினாள். மறுபடி என்னை எழுதக் கூப்பிடுவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பக்கத்தை நிறுத்தவில்லை. கடிதத்தை அப்படியே போட்டார்கள். அடுத்த மாதம் பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு தடித்த கவர் வந்தது. உள்ளே முழுக்கப் பிள்ளைகளின் கடிதங்கள். சித்தி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துச் சொல்லச் சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பியது.

ஆனால் கடிதங்களைப் பார்த்தால் ஒரே சாவு. ஒருவனுடைய முயல் செத்திருந்தது. ஒருத்தி வீட்டுப் பூனை குட்டியைத் தானே தின்றதைப் பார்த்திருந்தாள், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். நான் வாசிக்க வாசிக்கச் சித்தியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எல்லாம் என்னால் வந்த வினை என்று நினைத்தேன். அடுத்தது கும்பளங்கியிலிருந்து ஒரு பெண் எழுதியது. அவளுடைய வாத்துக்குஞ்சைக் கீரி கடித்துவிட்டது. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கடித்தது, ஆனால் மருந்து போட்டுப் பிழைத்துக்கொண்டது என்று வாசித்தேன்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“பொழச்சுதுன்னா, இந்தப் பிள்ள எதுக்குட்டி எனக்குக் காயிதம் போடணும்?”

உள்ளதை உள்ளபடி திரும்ப வாசித்தேன். வாத்துக்குஞ்சு செத்துப்போனது. அந்தப் பெண் அதைக் கொய்யா மரத்தடியில் புதைத்திருந்தாள். கேட்கக் கேட்கச் சித்தியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. “முதல்ல இந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதணும்” என்று என் கையில் பேனாவைக் கொடுத்தாள். சாவுச் செய்தி கேட்டு இப்படிச் சந்தோஷப்படுகிற ஒருத்தியோடு இனி எப்படிக் காலம் தள்ளுவது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.