அம்மா முகம் இருந்த சுவர்

மகள் பக்கெட்டில் சுண்ணாம்பு கரைக்கிறாள். ஓவியக் கல்லூரிக் கண்காட்சிக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று தலைமுறையின் முகங்களை வரையப் போகிறாளாம். பலகைக்கு அடிப்பூச்சு சுண்ணாம்புதானாம். நாலாவதோடு நின்ற எனக்கு அதெல்லாம் புரியாது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் சுண்ணாம்பு தொட்ட ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

குத்தாலத்து வீட்டில் அம்மா மவுத்தாகி எங்களை விட்டுப் போன வருஷம் அது. அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அண்ணன்தான் அடுப்புக்கரியால் சமையல்கட்டுச் சுவரில் அம்மா முகத்தை வரைந்திருந்தான். முக்காடு, மூக்குத்தி, பாதிச் சிரிப்பு, அப்படியே அம்மா. உருவப்படம் இருக்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குமார்கள் வரமாட்டார்கள் என்று ஓதப்பள்ளியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போதே எதற்கெடுத்தாலும் பயம். மலக்கு வராவிட்டால் நாங்கள் குர்ஆனிலிருந்து ஓதுகிற யாசீன் அம்மாவுக்குப் போய்ச் சேராதே என்று நடுங்கினேன். நோன்புக்கு வெள்ளையடித்து மிச்சமிருந்த சுண்ணாம்பை எடுத்து, அந்த முகத்தின் மேல் மூன்று தடவை பூசினேன்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்த அத்தா சுவரைப் பார்த்தபடியே நின்றார். ஐந்து வேளையும் தொழுகிறவர், சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"யாரும்மா அழிச்சது?"

"நான்தான் அத்தா. மலக்கு வரணும்ல?"

அத்தா திட்டவில்லை. "தெனம் அவகிட்ட சொல்லிட்டுத்தாம்மா வயலுக்குப் போவேன்," என்று ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"நன்னிக்குக் கண்ணு பெருசாம்மா, சின்னதா?" என்கிறாள் மகள், சுண்ணாம்பைக் கலக்கியபடி. என் அம்மாதான் அவளுக்கு நன்னி.

எவ்வளவு யோசித்தாலும் எனக்கு வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது.

"மாமாவைக் கேளேன். அவன்தான் வரைஞ்சவன்."

"கேட்டேன்மா. உங்கம்மாவையே கேளுன்னு போனை வச்சிட்டாங்க."

அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினேன். நன்னியின் பலகைக்கு நானே சுண்ணாம்பு பூசினேன்.