பெரியவனுக்கு வந்த காய்ச்சல்

ஓமான்ல சலாலா மலையில அறுபது பசு, மூணு பொலிகாளை. இருபது பசுவுக்கு ஒண்ணுன்னு என் அரபி முதலாளி, கஃபீல், கணக்குப் போட்டு வாங்கினது. ஆனா மூணுல பெரியவன் ஒத்துக்கணுமே! மத்த ரெண்டையும் முட்டி விரட்டிட்டு, அறுபதுக்கும் நானே மாப்பிள்ளைன்னு நிப்பான். மேய்க்கிறவன் நான். அவன்மேல எனக்குக் கொள்ளைப் பிரியம்.

அப்போ ஊர்ல என் பொண்டாட்டிக்கு அஞ்சாம் மாசம். தலைப்பிரசவம். லீவு கேட்டேன். "பசுவெல்லாம் சினை பிடிக்கட்டும். மாட்டு டாக்டர் பாத்துச் சொன்னதும் போ. அதுவரை மாஃபி, கிடையாது"ன்னுட்டார் கஃபீல்.

அடுத்த வாரமே பெரியவன் தீனியைத் தொடல. காதைத் தொட்டா கொதிக்குது. காளைக்குக் காய்ச்சல் வந்தா ரெண்டு மாசம் மந்தையில விடக்கூடாது, ஏறுவான், சினை நிக்காதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார். கஃபீல்கிட்ட சொன்னா சினைக் கணக்கு எல்லாம் முதல்லேர்ந்து. லீவு போச்சு. வாயை மூடிக்கிட்டு, நான் போடுற காய்ச்சல் மாத்திரையைத் தீவனத்துல கலந்து கொடுத்தேன். மூணாம் நாள் எழுந்து மந்தைக்குள்ள போயிட்டான். அப்பாடா!

ஆனா நிம்மதி எங்க? மழைக்காலம், மலை முழுக்க மூடுபனி, பத்தடியில நிக்கிற மாடு தெரியாது. போன மாசம் சேர்ந்த செவலை மறுபடி பருவத்துக்குக் கத்துற மாதிரி இருக்கும்; சினை பிடிச்ச மாடு அப்படிக் கத்தாது. ஓடிப் போய்ப் பார்ப்பேன். அது வேற மாடுன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.

ரெண்டு மாசம் கழிச்சு டாக்டர் வந்தார். தோள்வரை உறை மாட்டி, ஒவ்வொரு பசுவா கையை விட்டு விட்டுப் பார்த்தார். "காலி", "காலி"ன்னே வந்தது. கடைசில பெரியவனைக் காட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவனுக்குக் காய்ச்சல் வந்துதா? வந்திருந்தா இனிமே சரியாயிடுவான். வரலேன்னா இவன் மலடுதான்."

"வரல சார்."

"கலாஸ், முடிஞ்சுது"ன்னார் கஃபீல். பெரியவன் கறிக்கு, மத்த ரெண்டும் மந்தைக்கு. என் தோள்ல தட்டி, "உன் மேல தப்பில்ல, நீ ஊருக்குப் போ"ன்னு டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தார். பாவி மனுஷன், திட்டியிருக்கலாம்.

லாரியில ஏற மாட்டேன்னு பெரியவன் நாலு பேரை இழுத்தடிச்சான். என்னைக் கூப்பிட்டாங்க. கயித்தைப் பிடிச்சு "வாடா"ன்னேன். கன்னுக்குட்டி மாதிரி பின்னாலயே வந்து ஏறிட்டான்.

மகள் பிறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னேன். அதுக்காகத்தான் அந்தப் பொய். இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்னு தோணுது. அதை நினைச்சாத்தான் என்மேல எனக்கே பயமா இருக்கு.