தங்கை முந்திக்கொண்ட வருஷம்

பதினைந்து வயது முடிந்தும் நான் வயதுக்கு வரவில்லை என்பது வெள்ளகோவிலில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. அம்மா யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பந்தல் போடவில்லை, தாய்மாமன் சீர்த்தட்டோடு வரவில்லை. தெருவுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பக்கத்து வீட்டு அக்கா மாதம் ஒரு முறையாவது மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பார்.

"ஏனுங்க்கா, பெரியவளுக்கு ஏதாச்சும் விசேஷமுங்களா?"

"இன்னும் இல்லீங்க்கா" என்பாள் அம்மா, பரீட்சை முடிவு வராததைப் போல.

பள்ளியில் என் நிலைமை இன்னும் மோசம். பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பீரியடின்போது யாராவது இரண்டு பேர் "வயித்து வலிங்க டீச்சர்" என்று சொல்லி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த மரத்தடி எனக்கு ஏதோ பெரிய மனுஷிகளின் சபை மாதிரித் தெரிந்தது. ஒருநாள் துணிந்து நானும் வயிற்று வலி என்று போய் உட்கார்ந்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. அந்தத் தைரியத்தில் அடுத்த வாரமும் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, உனக்குப் போன வாரந்தானே வந்துச்சு?" என்றாள். அதோடு என் சபை வாழ்க்கை முடிந்தது.

அம்மா தன் பங்குக்கு வைத்தியம் ஆரம்பித்திருந்தாள். தினமும் காலையில் ஓர் உருண்டை உளுந்தங்களி. நடுவே குழி பறித்து, அதில் நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டியும் வைத்துத் தருவாள். எனக்கு அந்த வழவழப்பே ஆகாது. என் தங்கைக்கோ களி என்றால் உயிர். அவளுக்கு அப்போது பன்னிரண்டரை வயது. அம்மா அடுக்களைக்குள் திரும்பியதும் என் தட்டு அவளிடம் போய், காலித் தட்டாகத் திரும்பி வரும். "பாரு, இப்பத்தான் ஒடம்புல ஒட்டுது" என்று அம்மா என் கன்னத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வாள். ஒட்டியதெல்லாம் தங்கையின் கன்னத்தில்தான்.

மூன்றாவது மாதம், ஒரு சனிக்கிழமை, தங்கை குளியலறைக் கதவைக் கால்வாசி திறந்து என்னைக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, எனக்கு வந்திருச்சு. நீயே அம்மாகிட்டச் சொல்லிப்போடு."

நான் அடுக்களைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அம்மா, வந்திருச்சு" என்றேன்.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "என் தங்கம்! என் கண்ணு!" என்று உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். அவள் அப்படிக் கட்டிக்கொண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், நான் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் சொன்னேன்.

"எனக்கில்லீங்ம்மா. சின்னவளுக்கு."

அம்மாவின் முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தவித்தது. பிறகு ஓடினாள், குளியலறைப் பக்கம்.

அக்காவை வைத்துக்கொண்டு தங்கைக்குச் சீர் செய்வதா என்று இரண்டு நாள் வீட்டில் பேச்சு நடந்தது. தறிப்பட்டறையிலிருந்து சாப்பிட வந்த அப்பா, "வந்தவளுக்குச் செய்யுங்க. வராதவளுக்கு வாரப்பச் செஞ்சுக்கலாம்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

சீர் அன்று தங்கை பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவளுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அடுத்து என்னைத் தேடினார்கள். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியம்மா என் தாடையைப் பிடித்து, "நீ எப்பக் கண்ணு?" என்று கேட்டார், ஊருக்கு எப்போது கிளம்புகிறாய் என்பது போல. சிரித்து வைத்தேன். அப்புறம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் போய் அழுதேன். என் உடம்பில் ஏதோ கோளாறு, யாரும் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா தேடி வந்தாள். அழுகையோடு களி விஷயத்தை ஒப்புக்கொண்டேன். "நான் தின்னிருந்தா எனக்குத்தானம்மா வந்திருக்கும்" என்றேன். அம்மா திட்டவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அடுத்த வாரம், கண் பரிசோதனை என்று தெருவுக்குச் சொல்லிவிட்டு, கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு லேடி டாக்டர் என் உயரத்தையும் எடையையும் பார்த்தார். திரைக்குப் பின்னால் பரிசோதித்தார். எப்போதிருந்து உயரமானாய், மார்பு எப்போது வளர ஆரம்பித்தது என்று என்னிடமே கேட்டார். அதுவரை என் உடம்பைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. எல்லாரும் அம்மாவிடம்தான் கேட்பார்கள்.

"வளர்ச்சி எல்லாம் ஒழுங்கா வந்துட்டிருக்கு. ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு நேரம் இருக்கு" என்றார். அம்மா களி விஷயத்தைச் சொன்னதும், "களி சத்தான சாப்பாடுதான். ஆனா அதத் தின்னதால தங்கச்சிக்கு வரல, தின்னாததால உனக்கு வராமப் போகவும் இல்ல" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க எந்த வயசுல?" என்றார்.

அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

"பதினாறு முடிஞ்சுதானுங்க."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். டாக்டர் சிரித்துவிட்டார். "அப்புறம் என்னங்கம்மா? உங்க பொண்ணு உங்களாட்டத்தான். பதினாறு ஆகியும் வரலைன்னா கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்."

"ஒரு ஊசியாவது போட்டுவிடுங்களேன்" என்றாள் அம்மா. பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவது அவளுக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பல்லடம் தாண்டியதும் கேட்டேன். "ஏனுங்ம்மா, இத்தனை நாளா ஏன் சொல்லல?"

அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள். "என்னைய அப்ப ஊரே பேசுச்சு கண்ணு. மலடீன்னுகூடச் சொன்னாங்க. சொன்னா உனக்கும் ஒட்டிக்குமோன்னு ஒரு பயம்."

அம்மா பிறந்து வளர்ந்ததும் வெள்ளகோவில்தான்; அன்று அவளைப் பேசியதும் இதே ஊர்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காங்கயத்தில் பஸ் நின்றபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு முறுக்குத் தின்றோம். வீட்டில் களி நின்றது. தங்கைதான் வருத்தப்பட்டாள்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், பதினாறு ஆக ஒரு மாதம் இருக்கையில், எனக்கும் வந்தது. பந்தலே வேண்டாம் என்றேன். அம்மா முனகினாள், அப்பா சரி என்றார். நான் முதலில் சொன்னது தங்கையிடம். அவள் தன் பீரோவைத் திறந்து வேண்டியதை எடுத்துக் கொடுத்து, கட்டிலில் என்னை உட்கார வைத்து, வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். "மொத நாள் இடுப்பு வலிக்கும். பயந்துக்காத. சுடுதண்ணி குடி. தேதியக் குறிச்சு வெச்சுக்க, ஆனா அடுத்த மாசம் அதே தேதிக்கு வரும்னு நம்பாத."

என்னைவிட ஒரு சாண் குள்ளமானவள், எட்டு மாத அனுபவசாலி. நான் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.