படத்தில் இல்லாத துண்டு

மூத்த பேரன் பேங்கில் அதிகாரி ஆகிவிட்டான். சின்னவன் காலேஜில் முதல் மார்க். பேத்தி கவிதா சென்னையில் சினிமா படிக்கிறாள்.

லீவுக்கு வந்தவள் இன்று பாடத்துக்காக ஒரு பழைய காதல் நகைச்சுவைப் படத்தின் முதல் காட்சியை அலசிக்கொண்டிருந்தாள். எழுபதுகளில், கல்யாணமான புதிதில், காஞ்சிபுரத்து டென்ட் கொட்டகையில் என் வீட்டுக்காரரோடு நான் பார்த்த படம். அவர் தறியை விட்டு எழுந்து வருவதற்குள் எந்தப் படமும் ஆரம்பித்துவிடும். "நான் முன்னமே பாத்துட்டேன்" என்று முதல் காட்சியைப் போகிற வழியில் அவரே சொல்வார்.

இந்தப் படத்துக்கு அவர் சொன்னது இது: புடவைக்கடையில் வேலை செய்யும் கதாநாயகன், புடவை வாங்க வந்த கதாநாயகியைப் பார்த்த மயக்கத்தில் தன் துண்டையும் புடவையோடு மடித்துக் கொடுத்துவிடுகிறான். அவள் அதைத் திருப்பித் தர வருகிறாள்.

இன்று பார்த்தால், மழையில் ரிப்பேரான கார் பக்கத்தில் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள்.

"சண்டையில ஆரம்பிச்சாதான் காதல் நிக்கும் ஆயா" என்றாள் கவிதா.

"துண்டு எப்பம்மா வரும்?"

"எந்தத் துண்டு?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தாத்தா உன்னை நல்லா ஏமாத்திக்கினு இருந்திருக்காரு. ஆனா இதைவிட அதுதான் நல்லா இருக்குது ஆயா."

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அன்று வழியெல்லாம் அந்தக் கதாநாயகனைத்தான் மெச்சிக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் நடந்தவரை ஒரு வார்த்தை மெச்சவில்லை.

உங்கள் பக்கத்தில் இருப்பவரைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். நீங்கள் மறந்தாலும் நான் மெச்சுகிறேன்.