ஊர் குடித்த பிறகு வரும் ரிப்போர்ட்

அரசுக் குடிநீர் ஆய்வகத்தில் கெமிஸ்ட் வேலை என்பது, ஊர் குடித்து முடித்த தண்ணீர் குடிக்க ஏற்றதுதானா என்று பத்து நாள் கழித்துச் சொல்வது. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறீர்களே, உங்களுக்கு இருக்கிற அதே சந்தேகம்தான் எனக்கும். எனக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள், அவ்வளவுதான்.

முன்கூட்டியே கடமை

புதுச்சத்திரம் பக்கம் ஒரு மேல்நிலைத் தொட்டி. தினமும் அதில் குளோரின் கலக்க வேண்டியவர் ஆபரேட்டர் பழனியப்பன். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். அப்போதும் ஆகவில்லை.

"கலக்கறதே இல்லீங்களா?" என்றேன். மனிதர் முகம் வாடிப்போய், ஓடிச்சென்று நோட்டை எடுத்து வந்தார். ஒருநாள் விடாமல் 'குளோரின் கலக்கப்பட்டது' என்று கையெழுத்து. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தது. அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினேன்.

"நா லீவு போட்டாலும் வேலை நிக்கக் கூடாது பாருங்க, அதானுங்க மேடம்."

உபசாரம்

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்குக் கேன் தண்ணீர் போடுகிற ஒரு கம்பெனிக்கு, உணவுப் பாதுகாப்பு அலுவலரோடு போயிருந்தேன். சுத்திகரிக்கும் மெஷின் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. போர்வெல் குழாய் நேராகக் கேனுக்குள் போனது. முதலாளி பதறவே இல்லை. வெயிலில் வந்திருக்கிறோமே என்று ஃபிரிட்ஜைத் திறந்து ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தால், வேறு கம்பெனித் தண்ணீர்.

சீல் வைக்கிற உத்தரவை எழுதிக்கொண்டே அலுவலர் கேட்டார், "ஏனுங்க, உங்க தண்ணி தரலீங்களா?"

"அது யாவாரத்துக்குங்க சார்."

நமக்கு நாமே

ஒரு வாரம் ஆய்வகத்தில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. சந்தேகப்பட்டு, நாங்கள் குடிக்கிற கேனிலிருந்தே மாதிரி எடுத்தோம். மலக்கிருமி இருந்தது. மாதிரி தேறவில்லை என்றால் அந்த இடத்தின் பொறுப்பாளருக்கு உடனே எழுதவேண்டும். என் உதவியாளர் ரேவதி கடிதத்தை டைப் அடித்து, உறையில் முகவரி எழுதப் போய் அப்படியே நின்றாள்.

"மேடம், பதிலும் நாமளே போடோணுங்களா?"

சிவப்புப் பெயிண்ட்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கைப்பம்பில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருந்தது. பல்லைப் பழுப்பாக்கி, நாளடைவில் எலும்பையும் கெடுப்பது. எங்கள் ரிப்போர்ட்டின் பேரில் பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதினார்கள். ஃபைல் மூடப்பட்டது.

ஆறு மாதம் கழித்துப் போனால் அதே பம்பில் வரிசையாகக் குடங்கள். தறி வேலைக்குப் போகிற சாந்தாமணி அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள், ஏழு வயது இருக்கும், வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். கை விலகியபோது பல்லில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதிப் போட்டிருக்கே, படிக்கலீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் அடிப்பதை நிறுத்தவில்லை.

"படிச்சனுங்க. எதைக் குடிக்கோணும்னு எழுதலீங்களே."

காவிரி வந்தது

அந்தக் கேள்வியை அப்படியே கடிதத்தில் எழுதி மேலே அனுப்பினேன். கெமிஸ்ட் வேலை சோதிப்பது மட்டும்தான் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். ஊர்க்காரர்களும் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள். ஒருவழியாகக் காவிரிக் குழாய் அந்தத் தெருவுக்கு வந்தது. யாரும் சொல்லாமலே மாதிரி எடுக்கப் போனேன். நல்ல தண்ணீர். சாந்தாமணி ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார், குடித்தேன். "இப்ப சந்தோசமுங்களா?" என்றேன்.

"வாரத்துல ரெண்டு நாளு வருதுங்க அம்மிணி. மத்த நாளு உங்க செவப்புப் பெயிண்டுதான்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லாதது தண்ணீர் ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் சந்தேகப்பட்டுச் சோதிக்கிறோம்.