பெரிய பாடு

அக்டோபரில் படகுகளைக் கடலில் இறக்கியபோதே எனக்குக் களைப்பாக இருந்தது. ஏப்ரல்வரை இதே வேலை என்று நினைத்ததும் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. புஜைராவிலிருந்து வடக்கே போகும் கடற்கரைச் சாலையில், மலை கடலை நெருக்கிக்கொண்டு வரும் இடத்தில் எங்கள் விடுதி இருந்தது. எட்டு அறைகள், இரண்டு படகுகள், ஓடாத ஒரு ஐஸ் இயந்திரம். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் துபாயிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவார்கள்.

துபாயில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தேன். அறைச் சாவி கொடுக்க வேண்டும். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ண வேண்டும். கடலில் இருப்பவர்களோடு வயர்லெஸ்ஸில் பேச வேண்டும். எண்ணுவது எனக்குப் பிடித்த காரியம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பிடிக்கும் என்பதில்லை. எண்ணாவிட்டால் மனம் பதறுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலைக்கூட இரண்டு முறை எண்ணித்தான் ஏற்றுவேன்.

அந்த சீசனுக்குப் புதிதாக வந்த படகோட்டி ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். நாற்பது வயதிருக்கும். விசிட் விசாவில் வந்திருந்தார். விடுதி முதலாளி உள்ளூர் அரபி; எங்களோடு இந்தியில் பேசுவார், வயதுக்காக என்னைச் சாச்சா என்பார். நாங்கள் அர்பாப் என்று கூப்பிடுவோம். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "கொஞ்ச நாள் பார்ப்பேன். ஆள் சரின்னா வேலை விசா அடிப்பேன். இல்லாட்டி கலாஸ், ஊருக்கு டிக்கெட்."

ஊருக்குப் போனால் ஏறுவதற்கு அவருக்குப் படகு கிடையாது. இருந்த ஒன்றும் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுப் போய்விட்டது. அதனால் தினமும் சாயங்காலம் வந்து கேட்பார்.

"சார், அர்பாப் எதுவும் சொன்னாகளா?"

"சொல்லலை தம்பி."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சி மாதிரிதான் இருந்தது."

நான் சென்னைக்காரன். கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. எனக்கு வஞ்சிரம் என்றால் அவருக்குச் சீலா, அர்பாப்புக்குக் கனாத். மீன் ஒன்று, பெயர் மூன்று. இதையெல்லாம் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

அவர் வந்து இரண்டாவது வாரம், அர்பாப்புக்கு வேண்டிய நான்கு பேர் வந்தார்கள். அதில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியரான ஒரு வெள்ளைக்காரர், விடியற்காலையில் படகுத் துறையில் நின்றுகொண்டு, தன் நாட்டில் பிடித்த மீன்களை போனில் காட்டினார். குளிர்க் கடலோரம் ஒரு விடுதியாம், கோடை முழுவதும் அங்கே சால்மனும் ஹாலிபட்டும் பிடிப்பாராம். படகோட்டி எட்டிப் பார்த்தார்.

"இது என்ன சார், கதவைக் கழட்டிச் சாத்தி வச்ச மாதிரி?"

"ஹாலிபட்டாம்."

"அட, நம்ம எருமைநாக்கு மீனு. இம்புட்டுப் பெருசா?"

முதுகில் பாய் விரிக்கும் மயில்மீன் மாட்டினால், சட்டப்படி அதைப் படம் எடுத்துக்கொண்டு கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்று படகோட்டிக்கு நினைவுபடுத்தினேன்.

"பிடிச்சதை விடுறதுக்கு ஒரு வேலை, அந்த வேலைக்கு ஒரு விசா" என்று சிரித்தபடி படகை எடுத்தார். நாலும் ஒன்றும் ஐந்து தலை. எண்ணிக்கொண்டேன்.

பத்து மணிக்குக் காற்று கொஞ்சம் ஏறியது. பெரிய காற்றில்லை, ஆனாலும் கொடிக்கம்பத்துக் கயிறு தட்டத் தொடங்கினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. வயர்லெஸ்ஸை எடுத்தேன். ஒரே இரைச்சல்.

"தம்பி, எப்படி இருக்கு?"

"பாடு சார். பெரிய பாடு."

"என்னப்பா சொல்றே?"

"நாலு பேரையும் இழுக்குது சார். நிக்க முடியலை."

"லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காங்களா?"

"அதை யாரு சார் இப்பப் பாக்குறது..." அதற்குமேல் இரைச்சல்தான் கேட்டது.

அர்பாப்புக்கு போன் செய்து, படகு ஆபத்தில் இருக்கிறது, நீரோட்டம் ஆட்களை இழுக்கிறது என்றேன். உடனே திரும்பச் சொல் என்றார். மறுபடி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன்.

"அர்பாப் உத்தரவு. உடனே திரும்பு."

"இப்பவா சார்?"

"இப்பவே."

மறுபடி இரைச்சல். பிறகு, "சரி சார்."

படகு வந்தது. ஐந்து தலையும் இருந்தன. ஒருவர் உடம்பிலும் கீறல் இல்லை. நான்கு முகங்களும் கடுகடுவென்று இருந்தன. சீலாக் கூட்டத்துக்கு நடுவே நின்றிருக்கிறார்கள். நான்கு தூண்டிலிலும் ஒரே நேரத்தில் மீன். வெள்ளைக்காரருக்கு மாட்டியிருந்தது மயில்மீன். படகோட்டி அந்தத் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பியிருக்கிறார். வெள்ளைக்காரர் தூண்டிலைத் துறையில் போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

"பெரிய பாடுன்னு நீதானேப்பா சொன்னே?"

"ஆமா சார். நல்ல மீன்பாடு. எங்க ஊர்ல மீன் அள்ளுனா பாடுன்னுதான் சொல்லுவோம்."

"நாங்க கஷ்டப்பட்டாத்தான் பாடுன்னு சொல்லுவோம்."

"போச்சு சார், என் விசா" என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதியம் அர்பாப் வந்தார். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்பதை என் இந்தியில் விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. தப்பு என்னுடையது என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சாச்சா, திரும்புன்னதும் அவன் என்ன செஞ்சான்?"

"உடனே திருப்பிட்டான்."

"மீன் மாட்டியிருக்கும்போதா?"

"நரம்பை அறுத்துட்டு."

"போன வருஷத்து ஆள் இருந்தானே, காத்து எழும்பி நான் கூப்பிட்டப்போ, இன்னும் ஒரு மீன், இன்னும் ஒரு மீன்னு சாயங்காலம்வரை வரலை. எனக்கு இவன் போதும். யல்லா, பாஸ்போர்ட்டை வாங்கி வை."

ஓடிப்போய்ச் சொன்னேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. என் முழங்காலுக்கு அதுவே ஓட்டம். படகோட்டி ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்து அறுந்த நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மீன்பாட்டை விட்டுட்டு வந்தவனுக்கு விசா" என்றார். "எங்க ஆளுக யாருகிட்டயும் சொல்லிறாதீக சார்."

"நான் யாருகிட்டப் போய்ச் சொல்லப்போறேன்."

விசா அடித்தாயிற்று. ஏப்ரல்வரை வாராவாரம் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். எனக்குக் களைப்பு குறையவில்லை. பத்து மணிக்கு நான் வயர்லெஸ்ஸை எடுப்பேன். அவர் அதன்பிறகு ஒரு தடவைகூடப் பாடு என்று சொன்னதில்லை.

"மீனும் சௌக்கியம், மனுசனும் சௌக்கியம் சார். போதுமா?"

போதும் என்பேன். கரைக்கு வந்ததும் எண்ணுவேன்.